பேதிக்குக் கொடுத்த சாக்லேட்

1

தம்பியின் கடிதம் போன வாரம் வந்தது. நலம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசி வரியில் ஒரு வேண்டுகோள்: "அங்கிருந்து கப்பலில் யாராவது வந்தால் அந்தப் பேதி சாக்லேட் ஒரு டஜன் பெட்டி கொடுத்தனுப்பவும். பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவதற்குள் எங்கள் உயிர் போகிறது. உங்கள் ஊரில் எல்லாமே நாகரிகம்."

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் அந்தச் சாக்லேட்டைப் பற்றி அவனுக்கு எழுதியதே நான்தான். அழுகை இல்லை, மூக்கைப் பிடிக்க வேண்டாம், பிள்ளை கேட்டு வாங்கித் தின்னும் என்று பெருமையாக எழுதினேன். திருச்சியில் பள்ளியிறுதி வரை படித்தவள், சிங்கப்பூர் வந்து பத்து வருஷமானவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பிவிட்டான்.

அவனுக்கு மட்டும் பதில் போட்டால் போதாது என்று தோன்றியது. என் சொல்லைக் கேட்டு அவன் எத்தனை பேரிடம் சொன்னானோ! அடுத்த மாதம் வந்தால் அது நடந்து ஒரு வருஷம். எழுதித்தான் ஆக வேண்டும்.

2

பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். உறையூரில் எங்களுக்கு முதல் சனிக்கிழமை அது. விடிந்ததும் விளக்கெண்ணெயைச் சுடு காப்பியில் கலந்து நீட்டுவார்கள். ஓடினால் பிடிப்பார்கள். மூக்கை அமுக்கி ஊற்றுவார்கள். கொடுமைதான். ஆனால் ஒன்று: அதை யாரும் பாயசம் என்று சொல்லிக் கொடுத்ததில்லை. விளக்கெண்ணெய் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கப்பலேறி வந்தபோது நான் துணிமணியோடு அந்தச் சட்டத்தையும் கட்டிக்கொண்டு வந்தேன். ஜாலான் புசாரை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. மாடியில் நான்கு குடும்பம்; சமையலறை பொது, பின்பக்கம் கழிவறையும் ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். எங்களுக்கு ஒரே பெண், மாலதி. அப்போது எட்டு வயது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில் பதில் வரும். பசித்தால் மட்டும் முழுத் தமிழ் வரும்.

மாலதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் நான்கு குடும்பமும் கதவைத் திறந்து பார்க்கும். அப்படிக் கத்துவாள். சிராங்கூன் ரோட்டில் மருந்துக் கடை வைத்திருப்பவர்தான் வழி சொன்னார்.

"விளக்கெண்ணெய்யெல்லாம் எந்தக் காலம் அக்கா? இதக் கொண்டு போங்க. ஒரு துண்டு போதும். மிட்டாய்னு சொல்லிக் குடுங்க, சிரிச்சுக்கிட்டே திங்கும்."

பெட்டியின் மேல் சிரிக்கும் குழந்தைப் படம். பெரிய எழுத்தில் சாக்லேட் என்று போட்டிருந்தது. அடியில் எறும்பு ஊர்வது போல ஆங்கிலத்தில் இரண்டு வரி. உள்ளே தங்க நிறத் தாளில் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்த பட்டை. வாசனையும் சாக்லேட் வாசனைதான். நான் அந்த இரண்டு வரியைப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை; கடைக்காரர் தமிழில் சொல்லிவிட்டாரே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த விடுமுறையில் ஒரு துண்டு கொடுத்தேன். சாக்லேட் தின்றால் பூச்சி வரும் என்று நான் மிரட்டி வளர்த்தவள் மாலதி; தங்கத் தாளை முகர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அம்மா, இது ரியல் சாக்லேட்டா?"

"ஆமாண்டி, சாக்லேட்தான். நல்ல பிள்ளையா இருந்தா லீவுக்கு லீவு ஒண்ணு."

அந்த ஒரு வரியைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

3

அடுத்த விடுமுறை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன். மீதிப் பத்துத் துண்டை அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அவள் நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். சாக்லேட் என்று அம்மாவே சொன்ன பிறகு எந்தப் பிள்ளை ஏறாது?

பத்தரை மணிக்கு ஆரம்பித்தது. நான்கு தடவை, ஐந்து தடவை. நான் கவலைப்படவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது: எனக்குத் திருப்தியாக இருந்தது. நன்றாகக் கழிகிறது, வயிற்றிலிருக்கும் பூச்சியெல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டாள். பேதி அன்று பச்சைத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு மிடறு வெந்நீர் கொடுத்து நிறுத்தினேன். மதியம் ஒரு மணிக்குப் பாயில் சுருண்டாள். பேதி அன்று பகலில் தூங்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். தோளைப் பிடித்து உலுக்கி உட்கார வைத்தேன். அவள் தலை என் கையிலேயே சாய்ந்தது. மறுபடி உலுக்கினேன்.

"அம்மா, டயர்டா இருக்கு" என்றாள். குரல் பாதியிலேயே உடைந்தது.

"டயர்டெல்லாம் சாயங்காலம் ரசம் சாதம் சாப்பிட்டாச் சரியாப் போயிடும். உக்காரு."

பக்கத்து அறை பிலோமினா அக்கா அப்போதுதான் மாதா கோயில் வேலை முடிந்து படியேறி வந்தார். நாகப்பட்டினத்துக் குடும்பம், ஆனால் அவர் பிறந்ததே சிங்கப்பூரில்தான்; இந்த ஊர் 'லா' பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும். வாசலில் நின்று மாலதியைப் பார்த்தவர் உள்ளே வந்து அவள் கையின் தோலைக் கிள்ளித் தூக்கி, விரலை எடுத்தார். தூக்கிய தோல் அப்படியே நின்றது.

"சரோஜா, கண்ணப் பாரு. குழி விழுந்து கெடக்கு. காலைலேருந்து எத்தன வாட்டி?"

"பேதிக்குக் குடுத்தேன் அக்கா. பதினாலு, பதினஞ்சு இருக்கும்."

"பதினஞ்சா? பேதிக்குக் குடுத்தியா, கொல்லக் குடுத்தியா? எந்திரி. கீழ போய் டாக்சி நிறுத்துறேன். நீ பிள்ளையத் தூக்கு லா, என்னப் பாத்துக்கிட்டு நிக்காத."

தூக்கும்போது அலமாரியைப் பார்த்தேன். தங்கத் தாள் மட்டும் கிடந்தது.

4

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவருக்கு எங்களைவிடத் தாள்மேல்தான் அக்கறை. என் அடையாள அட்டை எங்கே, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எங்கே, தகப்பன் எந்த இலாகா, அவர் ஏன் வரவில்லை? பத்திரம் வீட்டில் இருக்கிறது என்றேன். அப்படியானால் இந்த வரிசை இல்லை, அந்த வரிசை என்றார். பிள்ளையின் உதடு வெடித்துக் கிடப்பதைக் காட்டினேன். எண் அட்டை ஒன்றைக் கொடுத்து உட்காரச் சொன்னார்.

பிலோமினா அக்கா உட்காரவில்லை. கவுண்டர் பலகையில் கைப்பையை வைத்து, ஆங்கிலமும் மலாயும் கலந்து, அந்த மனிதரின் அம்மா அவருக்கு எந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பால் கொடுத்தார் என்று கேட்டார். அந்தச் சத்தத்தில் ஒரு தாதி எட்டிப் பார்த்தார். அதனால் பிழைத்தோம். பத்திரமும் இல்லாமல், சத்தம் போடவும் தெரியாமல் வருகிறவர்களின் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் ஓர் அம்மையார், யாழ்ப்பாணத்துக்காரர். மாலதியின் கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

சொன்னேன்.

"எத்தினை துண்டு?"

"ஒண்ணுதான் நான் கொடுத்தது. மீதியை அவளே..."

"தண்ணி குடுத்தனீங்களோ?"

ஒரு மிடறு வெந்நீர் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நாலு மணித்தியாலம் கழிச்சுத்தான் அந்த மருந்து வேலை தொடங்கும். தொடங்கினால் உடம்பிலை இருக்கிற தண்ணியையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். இன்னும் ரெண்டு மணித்தியாலம் நீங்கள் வீட்டிலை இருந்திருந்தால் நான் இப்படி நிண்டு கதைச்சுக்கொண்டு இருக்க மாட்டன்."

பூச்சிக்காகத்தான் கொடுத்தேன், அவள் இனிப்பு அதிகம் தின்கிறவள் என்று முணுமுணுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பூச்சி இனிப்பாலே வாறேல்லை. மண்ணாலே வரும், கழுவாத கையாலே வரும். இது பூச்சி மருந்துமில்லை, வெறும் பேதி மருந்து. பூச்சிக்கு வேறை மருந்து இருக்கு. கொக்கோவிலை ஒரு பிழையுமில்லை; அளவாய்த் திண்டு பல்லை விளக்கினால் சரி. சாக்லேட்டைத் தின்னாதை எண்டுபோட்டு, விஷத்தைச் சாக்லேட் எண்டு குடுத்திருக்கிறியள்."

மாலதி கண் விழித்தபோது, எதற்கு அத்தனை சாக்லேட் தின்றாய் என்று தாதி ஆங்கிலத்தில் கேட்டார். அவள் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "அது சாக்லேட்னு அம்மா சொன்னாங்க." குற்றம் சாட்டும் குரல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

அவள் தின்றது எட்டுத் துண்டு. மீதி இரண்டும் பென்சில் பெட்டியில் இருந்தன. பள்ளி திறந்ததும் சிநேகிதிக்குக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறாள். அந்தச் சிநேகிதியின் அம்மாவை எனக்குத் தெரியும்.

5

நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். ஐந்தாம் நாள் மருந்துக் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் தடுத்தார். "விடும்மா. பிள்ளை பிழைச்சதே பெரிசு. ஊரோட எதுக்குச் சண்டை?" அவர் யாரோடும் சண்டை போடாதவர், அதனால்தான் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் போட்ட மனு இன்னும் ஏதோ மேஜையில் தூங்குகிறது.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "எழுதியிருக்குல்ல அக்கா? பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில வைக்கவும்னு."

"மிட்டாய்னு சொல்லிக் குடுங்கன்னு நீங்க சொன்னது எந்த வரியில எழுதியிருக்கு?"

"எல்லாரும்தான் வாங்குறாங்க. உங்க வீட்டுலதான் நாற்காலி போட்டு ஏறுற பிள்ளை."

அந்தப் பெட்டிகள் எங்கே அடுக்கியிருந்தன தெரியுமா? பெப்பர்மிண்ட் ஜாடிக்குப் பக்கத்தில். அங்கே ஏற நாற்காலிகூட வேண்டாம்.

கம்பெனிக்கு எழுதினேன். என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். கோபமான வார்த்தைகளை அவர் விட்டுவிட்டது பிறகுதான் தெரிந்தது. மருந்தை மிட்டாய் உருவத்தில் விற்காதீர்கள், பெட்டியில் குழந்தைப் படம் போடாதீர்கள், தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் பெரிதாக 'மருந்து' என்று அச்சிடுங்கள் என்று மூன்றே கோரிக்கைதான். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் தயாரிப்பில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. அன்பளிப்பாக ஒரு பெட்டி இணைத்துள்ளோம்.

நிஜமாகவே இணைத்திருந்தார்கள். தங்கத் தாளோடு.

அதைச் சாக்கடையில் கொட்டக்கூடப் பயமாக இருந்தது. யார் பிள்ளை எடுத்துத் தின்னுமோ! அடுப்புக் கரியில் போட்டு எரித்தேன். மாடி முழுக்கச் சாக்லேட் வாசனை. பிள்ளைகள் சமையலறை வாசலில் வந்து நின்றன.

6

இதெல்லாம் பெரியவர்களின் சண்டை. மாலதியின் சண்டை வேறு. அவள் கத்தவில்லை, அழவில்லை. என் கையால் எதையும் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

சோறு பிசைந்து கொடுத்தால், "இதுல என்ன போட்டீங்க?" அப்பா தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள். பால் கொடுத்தால் மூக்கருகே கொண்டுபோய்த் திருப்பி வைப்பாள். குழாய்த் தண்ணீரைத் தானே பிடித்துக் குடிப்பாள். டாக்டர் ஒரு சத்து மருந்தும், இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கச் சொல்லி நிஜமான பூச்சி மருந்தும் தந்திருந்தார். இரண்டும் மூடி திறக்காமல் இருந்தன. அவளுடைய முழங்கை எலும்பு கூர்மையாகிக்கொண்டு வந்தது. அப்பா ஊட்டினால் ஊட்டிக்கொண்டாள். அவர் வேலைக்குப் போய் வரும்வரை பட்டினிதான். பள்ளி இல்லாத நாளெல்லாம் எனக்கு நரகம்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "சாக்லேட் தின்னா பூச்சி வரும்னு சொன்னீங்க. அப்புறம் பூச்சிக்குச் சாக்லேட் குடுத்தீங்க. எதும்மா ட்ரூ?"

எனக்கே தெரியாது. அதனால் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சாக்லேட்டைப் பற்றி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். அகராதியோடு ஒரு வாரம் படித்தேன். மெக்சிகோ நாட்டு ஜனங்கள்தாம் ஆதியில் அதை அரைத்திருக்கிறார்கள். படம் போட்டிருந்தது: ஒரு பெண் மண்டியிட்டு, நம் அம்மி போலவே ஒரு கல்லில், நம் குழவி போலவே ஒன்றை உருட்டுகிறாள். கொக்கோக் கொட்டையை வறுத்து அரைத்து, மிளகாய் போட்டு, நுரைக்க ஆற்றிக் குடித்தார்களாம். சர்க்கரை கிடையாது, கசப்பைக் கசப்பென்று தெரிந்தே குடித்தார்கள். ஸ்பெயின்காரர் கொண்டுபோய்ச் சர்க்கரை சேர்த்தார்கள். கட்டியாக வார்த்துத் தின்னும் பழக்கம் வந்து நூறு சொச்சம் வருஷம்தான் ஆகிறது. காப்பியைப் போல லேசாக உசுப்பும், கொழுப்பு நிறைய, அதனால் சோர்ந்தவர்களுக்குத் தெம்பு என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு வரி: வாய்க்குப் பிடிக்காத மருந்துகளை மறைத்துக் கொடுக்க ஐரோப்பிய வைத்தியர்கள் அந்தக் காலத்திலேயே சாக்லேட்டைப் பயன்படுத்தினார்களாம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஆக, இது என் மருந்துக் கடைக்காரர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் நாக்கை ஏமாற்றி வந்திருக்கிறார்கள். பாவம், கொக்கோவுக்குத்தான் கெட்ட பெயர்.

பிலோமினா அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "என் தம்பி ஜொகூர்ல ஒரு தோட்டத்துல கெராணி, கணக்கு எழுதுறான். அங்க புதுசா கொக்கோ நட்டுப் பாக்குறாங்க. ஈஸ்டருக்கு எனக்குக் கொட்டை அனுப்பினான். அம்மி ஒங்கிட்ட இருக்கு, கொட்டை எங்கிட்ட இருக்கு. அவ கண்ணு முன்னாலயே செய்வோம். என்ன போடுறோம்னு அவளே பாக்கட்டும்."

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடித்து அக்கா வந்ததும் ஆரம்பித்தோம். ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக இதை விவரமாகவே எழுதுகிறேன். கொட்டை கிடைத்தால் செய்யுங்கள்.

புளிக்க வைத்துக் காயப்போட்ட கொட்டையாக இருக்க வேண்டும். பச்சைக் கொட்டையில் வாசனை வராது. இரும்பு வாணலியில் சிறு தணலில் வறுக்க வேண்டும். தோல் படபடவென்று வெடிக்கும்போது இறக்கி, கையால் நெரித்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். அம்மியில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. ஈரம் பட்டால் விழுது மணல்போல் திரிந்துவிடும். முந்தின நாளே பச்சரிசி போட்டு அரைத்து மசாலா வாசனையை எடுத்து, வெயிலில் காயவைத்திருந்தேன். அரைக்கும் முன் கல்லுக்கடியில் கொஞ்சம் தணல் வைத்துச் சூடேற்ற வேண்டும். முதலில் காப்பித் தூள்போல் உதிரும். விடாமல் அரைத்தால் எண்ணெய் கக்கி, கறுப்பாகப் பளபளத்து ஓடும். அப்போது இடித்துச் சலித்த சர்க்கரையும், டின் பால்மாவும் சேர்த்து மறுபடி அரைக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும்.

மாலதி மணைப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பால்மா டின்னைக் கேட்டு வாங்கி, ஒட்டியிருந்த தாள் முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். சர்க்கரையை நக்கிப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர் அம்மா, லைசென்ஸ் குடுப்பீங்களா?" என்றார் அக்கா.

"வெயிட் ஆன்ட்டி. இன்னும் முடியல."

நெய் தடவிய தட்டில் ஊற்றி, கீழ்க் காப்பிக் கடையில் வாங்கிய ஐஸ் கட்டியின்மேல் வைத்தோம். பன்னிரண்டரை மணிக்கு ஒருவாறு இறுகியது. கத்தியால் கீறினேன். கொஞ்சம் நறநறப்பு, எங்கோ அடியில் மிளகாய்க் காரம். எத்தனை அரிசி அரைத்தும் அம்மி விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு துண்டை மாலதியிடம் நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"நீங்க தின்னுங்க ஃபர்ஸ்ட்."

தின்றேன். இரண்டாவது துண்டையும் தின்னச் சொன்னாள். தின்றேன். பிறகு அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஃபோர் ஹவர்ஸ்" என்றாள். டாக்டர் என்னிடம் சொன்னது கண் மூடிக் கிடந்தவளின் காதில் விழுந்திருக்கிறது.

தட்டை மேஜைமேல் வைத்து எதிரில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள். ஐஸ் உருகி மேஜையிலிருந்து சொட்டியது. சாக்லேட் ஓரங்கள் இளகின. இரண்டு மணிக்கு எனக்குச் சாதாரணமாகவே சிறுநீர் முட்டியது. காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள், குடித்த தண்ணீர் கொஞ்சமில்லை. எழுந்து பின்பக்கம் போனால் அவள் என்ன நினைப்பாள்? உட்கார்ந்தே இருந்தேன். மூன்று மணிக்குக் காலை மாற்றிப் போட்டேன். உடனே அவள் கண் என் காலுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய செய்தித்தாளைப் படிக்கிறவள் போல் விரித்தேன்.

நாலரைக்கு எழுந்து வந்தாள். "வயிறு வலிக்குதா?"

"இல்லடி."

"நிஜமா?"

"நிஜமா."

என் சொல்லை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நேரே அடுத்த அறை வாசலுக்குப் போனாள். அக்காவின் கட்டில் கிடக்கும் இடத்திலிருந்து கழிவறைக் கதவு தெரியும். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஆன்ட்டி, அம்மா எத்தன வாட்டி பாத்ரூம் போனாங்க?"

"ஒரு வாட்டிகூடப் போகல லா. நானும் ரெண்டு துண்டு தின்னுட்டு இங்கதான படுத்திருக்கேன்."

மாலதி திரும்பி வந்து, பாதி உருகிய ஒரு துண்டை விரலால் வழித்து வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். "காரமா இருக்கும்மா" என்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

அவள் அதையும் விழுங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் போனேன்.